ஏற்காட்டு ஏற்றத்தில் அணைந்துபோன மின்சார சைக்கிள்: பேட்டரி கனெக்டர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி சாதாரண சைக்கிள்தான். அதில் கிட் வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். பின்சக்கரத்தில் கியர் வைத்த 250 வாட் ஹப் மோட்டார், 15 ஆம்பியர் வரை இழுக்க விடும் கன்ட்ரோலர், 48 வோல்ட் 13 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. உரிமையாளர் கன்னங்குறிச்சிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் எடுத்து வந்து, சேலத்தில் தெரிந்த கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறார். அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் என்று ஊருக்குள் சுற்றும்வரை வண்டியில் ஒரு குறையும் இருந்ததில்லை. வாராவாரம் மலைக்கும் அதிலேயே போகலாம் என்று ஆரம்பித்த பிறகுதான் தொல்லை.

அடிவாரத்தில் ஏறத் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் டிஸ்ப்ளே அணைந்துவிடும். ஓரமாக நிழலில் நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் உயிர் வரும். இன்னும் இரண்டு வளைவு ஏறினால் மறுபடியும் அணையும்.

"பேட்டரி போச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி. புதுசு போட்டா வண்டிக்குச் செலவு பண்ணதுல பாதி ஆகுமாம். ஆனா ஒண்ணு, திரும்பி இறங்கறப்ப ஒரு தடவகூட அணைஞ்சதில்ல."

அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடி கொடுத்தது. இறங்கும்போது இந்த மோட்டார் மின்சாரம் எடுப்பதே இல்லை. டிஸ்ப்ளே மட்டும் எரியும். அதிர்வு, குழி, பள்ளம் எல்லாம் ஏறும்போது உள்ளதைவிட இறங்கும்போதுதான் அதிகம். வயர் எங்காவது வெறுமனே ஆடிக்கொண்டிருந்தால் இறக்கத்தில்தான் முதலில் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு ஆட்டத்தில் இல்லை, சூட்டில் இருக்கிறது. நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது என்பதும் அதற்குத்தான் ஒத்துப்போகிறது.

பேட்டரியை விடுவித்தது

பட்டறையில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். பழைய கார்களிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்புகள் எட்டு அதில் இருக்கின்றன. நான்கு பல்பு வரிசையாக ஒரு தொடர், இன்னொரு நான்கு இன்னொரு தொடர். இரண்டையும் சேர்த்து 48 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும். ஒற்றைத் தொடர் என்றால் அதில் பாதி. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. சுமை இல்லாத மோட்டார் ஒன்றிரண்டு ஆம்பியருக்கு மேல் கேட்காது, கோளாறும் வெளியே வராது. வெளிச்சத்தில் கண் கூசும் என்பதைத் தவிர பல்புப் பலகையில் ஒரு குறையும் இல்லை.

13 செல் வரிசை என்பதால் முழு சார்ஜில் பேட்டரி 54.6 வோல்ட் காட்ட வேண்டும். காட்டியது. எட்டு பல்பையும் ஏற்றியதும் கொஞ்சம் இறங்கியது, ஆனால் சட்டென்று விழவில்லை. அரை மணி நேரம் விட்டும் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று) துண்டிக்கவில்லை, செல்கள் பக்கம் சூடும் இல்லை. பேட்டரி நன்றாகவே இருந்தது.

அடுத்து மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கனெக்டரின் இந்தப் பக்கத்து வயரில் ஒரு முனையும் அந்தப் பக்கத்து வயரில் ஒரு முனையும் வைத்துப் பார்த்தேன். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டிய அளவு இது. ஓம் மீட்டரில் பார்த்தால் எல்லாமே சுழியம் என்றுதான் காட்டும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல கனெக்டர் என்றால் 10 ஆம்பியரில் ஒரு முனைக்கு 10 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. இங்கே பிளஸ் பக்கம் 70. மைனஸ் பக்கம் 600. சிறிது நேரத்தில் மைனஸ் 800-ஐத் தாண்டியது, நைலான் கருகும் வாடையும் வந்துவிட்டது. அணைத்தேன்.

600 மில்லிவோல்ட், 10 ஆம்பியர் என்றால் 6 வாட். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில், மேலே நைலான் போர்த்தி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பும் சுற்றி வைத்த இடத்தில் 6 வாட் போக வழியில்லாமல் ஒரு மணி நேரம் தேங்கினால் நைலான் இளகும். அது இளகினால் உள்ளே பிடித்து நிற்கும் முனை சாயும். சாய்ந்தால் தொடுபரப்பு இன்னும் குறையும், சூடு இன்னும் ஏறும். இப்படியே போய், ஒரு கட்டத்தில் தொடர்பே விட்டுப்போகும். டிஸ்ப்ளே அணையும். ஆறினால் திரும்பத் தொட்டுக்கொள்ளும். மலையில் நடந்தது இதுதான்.

பிரித்ததும் தெரிந்தவை

டேப்பை உரிக்கவே நேரம் பிடித்தது. சேலத்து வெயிலில் பசை உருகி, தார் மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளே மஞ்சள் நிற எக்ஸ்டி60 வகைக் கனெக்டர். பார்வைக்கு அசல் போலவே இருந்தாலும் உடம்பில் எந்தத் தயாரிப்பாளர் பெயரும் இல்லை. இந்த வகையின் மூலத் தயாரிப்பாளரான அமாஸ் தன் பெயரை நைலானிலேயே வார்த்திருக்கும். மைனஸ் பக்கம் மஞ்சள் மாறிப் பழுப்பாகியிருந்தது. முனை நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த முனைக்குப் பின்னால், வயர் நுழையும் கிண்ணத்தில், ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஈயம் ஓடியிருந்தால் இழைகளுக்குள் புகுந்து, கிண்ணத்தின் சுவரோடு ஒட்டி, ஓரத்தில் மெல்லிதாக முடிந்திருக்க வேண்டும். இது இலைமேல் நீர் நிற்பதுபோல நின்றது. மெதுவாக இழுத்ததும் வயர், உருண்டையோடு கழன்று கையில் வந்துவிட்டது. கிண்ணத்தின் அடி சுத்தமாகப் பளபளத்தது. ஈயம் அங்கே ஒட்டவே இல்லை.

மொபைல் ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னால் இந்த வேலையைச் செய்தால் இப்படித்தான் ஆகும். கனமான பித்தளை முனை, கூடவே தடித்த செப்பு வயர். இரண்டும் சூட்டை வாங்கி வாங்கி விழுங்கும். ஈயம் மட்டும் உருகும், உலோகம் சூடேறாது. இதற்கு 60 வாட்டாவது வேண்டும், அகலமான நுனியும் வேண்டும். சீக்கிரம் சூடேற்றிச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். சின்ன அயர்னை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தால் ஈயம் ஓடுவதற்கு முன்னால் நைலான் இளகிவிடும்.

பிளஸ் முனையின் கதை வேறு. அதன் நுனியில் தங்கப்பூச்சு போய்க் கருமையான சின்னச் சின்னக் குழிகள். வண்டிக்கார அண்ணனின் வீடு மாடியில். தினமும் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய் சார்ஜ் போடுகிறார், காலையில் திரும்ப மாட்டுகிறார். மாட்டும்போதெல்லாம் 'படக்' என்று பொறி பறக்கும் என்று அவரே சொன்னார். கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும். முனை தொட்ட கணமே அவை நிறையப் பார்க்கும். 1000 மைக்ரோஃபாரடு என்று வைத்தால் 54.6 வோல்ட்டில் சுமார் ஒன்றரை ஜூல். ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தச் சின்னப் பொறி ஒவ்வொரு காலையும் தங்கப்பூச்சைக் கொஞ்சம் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஈயம் ஓடாததுதான் முதல் காரணம், பொறி இரண்டாவது என்பது என் தீர்ப்பு. டேப் போர்வை இரண்டுக்கும் துணை நின்றது.

5 ஆம்பியர் என்ற தப்புக் கணக்கு

கிட் விற்பவர்களும் வாங்குபவர்களும் போடும் கணக்கு ஒன்று உண்டு. 250 வாட்டை 48 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர் சொச்சம், அதனால் 10 ஆம்பியர் கனெக்டரே தாராளம் என்பார்கள். 250 என்பது மோட்டாரின் மேல் ஒட்டிய எண். 0.25 கிலோவாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனக் கணக்கில் சேராது என்று சட்டம் சொல்வதால் எல்லாக் கிட்டிலும் அந்த எண்தான் இருக்கும். எவ்வளவு இழுக்கலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். இதில் அது 15 ஆம்பியர். 48 வோல்ட்டில் 720 வாட்.

ஊருக்குள் இந்த வேறுபாடு தெரியாது. சமதளத்தில் போனால் 3, 4 ஆம்பியர்தான். சிக்னலில் கிளம்பும்போது ஒரு சில நொடி 15 வரை தொடும், உடனே இறங்கிவிடும். நான்கு ரோட்டிலும் ஐந்து ரோட்டிலும் நின்று நின்று போகையில் கனெக்டர் ஆறுவதற்கு நேரம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மலைப்பாதை அப்படி விடாது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம். அடிவாரத்திலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1100 மீட்டர் ஏற்றம், சுமார் 20 கிலோமீட்டர் பாதையில், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. ஆளும் வண்டியும் பையும் சேர்த்து 110 கிலோ என்றால் அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 330 வாட்-மணி. டயர் உராய்வும் மோட்டாரில் வீணாகும் சூடும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். பெடல் மிதித்து ஆள் தன் பங்கைக் கொடுத்தால் 400 சொச்சத்தில் முடிக்கலாம். (இந்தக் கணக்கு தெரியாமல் 10 ஆம்பியர்-மணி பேட்டரியோடு கிளம்பி, மேலே போய்ச் சேர்வதற்குள் உருட்டுகிறவர்கள் உண்டு. அது வேறு வழக்கு.)

மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் 7, 8 ஆம்பியர் ஓடும். வளைவில் திரும்பி எழும்போது 15. கரண்ட் இரு மடங்கானால் தடையில் எழும் சூடு நான்கு மடங்கு. ஊரில் 3.5 ஆம்பியருக்குப் பழகிய மோசமான இணைப்பு, ஏற்றத்தில் 8-ஐப் பார்த்தால் ஐந்து மடங்கு சூட்டைச் சுமக்கிறது. ஆறுவதற்கு ஒரு சிக்னல்கூட வழியில் கிடையாது.

அதனால் கனெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று கேள்விதான் கேட்பேன். கன்ட்ரோலரின் உச்ச ஆம்பியர் என்ன? அதற்குக் கிட்டத்தில் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும்? அதைப் பற்றவைக்கவோ கிரிம்ப் செய்யவோ (முனையை வயர்மேல் நசுக்கிப் பிடிக்க வைக்கவோ) போகிறவர் யார், கையில் என்ன கருவி வைத்திருக்கிறார்? மூன்றாவதைப் பலரும் கேட்பதே இல்லை. இந்த வழக்கில் வண்டியை நிறுத்தியது அதுதான்.

எதை வைப்பது

பெயரில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. எக்ஸ்டி60 என்றால் 60 ஆம்பியர் இல்லை. தொடர்ந்து ஓட 30, நொடிக்கணக்கில்தான் 60. எக்ஸ்டி90-க்குத் தொடர்ச்சி 45. எக்ஸ்டி30-க்கு 15. ஆக இந்த வண்டிக்கு அசல் எக்ஸ்டி60-யே போதும். 15 ஆம்பியருக்கு அது இரட்டைப் பங்கு. ஒழுங்காகப் பற்றவைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அண்ணன் ஆண்டர்சன் கனெக்டர் பற்றிக் கேட்டார். யுபிஎஸ் வேலை பார்க்கும் யாரோ அதுதான் சிறந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண்டர்சனின் பவர்போல் வகை எனக்கும் பிடிக்கும். ஆண், பெண் என்ற பேதம் இல்லை, இரண்டு பாதியும் ஒரே அச்சு. பொறி விழுவது தகட்டின் நுனியில், கரண்ட் ஓடுவது உள்ளே வேறு இடத்தில், அதனால் பொறியை நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு அதற்கென்றே உள்ள கிரிம்ப் கருவி வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டினால் நாம் பிரித்துப் பார்த்த ஈய உருண்டைக்கு அது எந்த விதத்திலும் மேல் இல்லை. நாகலூரிலோ செம்மடுவிலோ வழியில் ஒன்று போனால் அந்தக் கருவிக்கு எங்கே போவது? சால்டரிங் அயர்ன் என்றால் ஏற்காட்டில் ஏதாவது ஒரு ரிப்பேர் கடையில் கிடைக்கும்.

டி-பிளக் சிறிய பொம்மைக் கார்களுக்குச் சரி, தினமும் கழற்றி மாட்டக் கைக்கு வராது. தனித்தனி புல்லட் முனைகளை பேட்டரிப் பக்கம் நான் வைப்பதே இல்லை. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்ட அது தாராளமாக இடம் கொடுக்கும். ஒரு தடவை மாறினால் கன்ட்ரோலர் போச்சு. மோட்டார் வயருக்கு அது பரவாயில்லை.

வைத்தது எக்ஸ்டி90-எஸ். ஆம்பியருக்காக இல்லை, பொறிக்காக. அதன் ஒரு பாதிக்குள் 5.6 ஓம் தடை ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள், பச்சை வளையம் அதன் அடையாளம். முனை நுழையும்போது முதலில் அந்தத் தடை வழியாகத்தான் தொடும். கரண்ட் 10 ஆம்பியருக்குள் அடங்கிவிடும், கெபாசிட்டர் சில பத்து மில்லி நொடிகளில் நிறைந்துவிடும். முழுக்க நுழைந்த பிறகு தடை விலகி, உலோகத்தோடு உலோகம் சேரும். பொறி இல்லை.

இதில் ஒரு பக்குவம் உண்டு. டிஸ்ப்ளே அணைந்திருக்கும்போதுதான் மாட்ட வேண்டும், தயங்காமல் கடைசிவரை அழுத்த வேண்டும். பாதி நுழைந்த நிலையில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டினால் மோட்டாரின் கரண்ட் முழுக்க அந்தச் சின்னத் தடை வழியாகப் போகப் பார்க்கும். 10 ஆம்பியரில் 560 வாட் ஆகிறது, கண்ணிமைப்பதற்குள் அது கருகிவிடும். அண்ணனிடம் நான்கைந்து தடவை மாட்டிக் காட்டச் சொன்னேன். முதலில் பயந்து பயந்துதான் அழுத்தினார், பொறிக்குப் பழகிய கை.

வேலை நடந்த விதம்

பழைய வயர் மெலிந்தது. அதை எடுத்துவிட்டு 12 கேஜ் சிலிகான் வயர் போட்டேன். வயர் முனையையும் கிண்ணத்தையும் தனித்தனியே ஈயம் பூசி, அப்புறம்தான் சேர்த்தேன். பற்றவைக்கும்போது எதிர்ப் பாதியை மாட்டியே வைத்திருப்பது வழக்கம். நைலான் கொஞ்சம் இளகினாலும் முனை சாயாமல் அந்தப் பாதி பிடித்துக்கொள்ளும், சூட்டையும் பகிர்ந்துகொள்ளும். அந்த எதிர்ப் பாதியின் வயர் எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. பேட்டரிப் பக்கம் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வயரைத்தான் வெளியே எடுப்பேன், மற்றது டேப்பில் மூடியே இருக்கும். லித்தியம் பேட்டரியில் பிளஸ்ஸும் மைனஸும் தெரியாமல் உரசினால் அங்கே பேச்சுக்கு இடமில்லை.

நடுவில் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அவர் மச்சானுக்குக் கொலுசுப் பட்டறை. "அங்க பத்தாசு வச்சு ஊதிக் குடுத்தா ஜென்மத்துக்கும் விடாது தம்பி." வெள்ளிக்கு உண்மைதான், சேலத்துக் கொலுசு விடாது. ஆனால் அந்தப் பற்றாசு உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். நமக்கு வேண்டிய 60-40 ஈயம் 190-க்குள் உருகிவிடும். ஊதுகுழாய் கிட்டே வந்தாலே நைலான் சொட்டும். தகர வேலைக்குப் போடும் ஆசிட்டையும் சேர்த்து வேண்டாம் என்றேன். ஆசிட் மிச்சம் வயர் இழைகளுக்குள் நின்றுகொண்டு, மழைக்காலத்தில் பச்சையாகப் பூக்கும். ரோசின் ஃப்ளக்ஸ் போதும்.

பேட்டரியோடு நிற்கும் பாதி, உலோகம் உள்ளே மறைந்திருக்கும் பாதியாகத்தான் இருக்க வேண்டும். கழற்றி வைத்த பேட்டரி எப்போதும் உயிரோடு இருக்கிறது. பையில் சாவிக்கொத்தோடு கிடக்கும்போது சாவி உரச எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

வயரை ஃபிரேமோடு இரண்டு இடத்தில் கட்டினேன். ஈயம் ஏறிய இடத்தில் வயர் கம்பிபோல விறைத்துவிடும். ஆட்டம் அங்கே வந்து சேர்ந்தால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். கனெக்டரின் வாய் கீழ்ப்பக்கம், வயர் ஒரு சின்னத் தொங்கல் விட்டு மேலே ஏறுகிறது. ஏற்காட்டில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் ஈரத்தைக் கொண்டுவந்து அப்பிவிடும், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போகட்டும். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டேன். டேப் சுற்றவில்லை.

மறுபடி பல்புப் பலகை. 10 ஆம்பியரில் பிளஸ் 8, மைனஸ் 9 மில்லிவோல்ட். எட்டு பல்பும் எரிய எரியக் கனெக்டரைக் கையால் பிடித்துப் பார்த்தார் அண்ணன். சூடே இல்லை.

சார்ஜரை மாற்றவில்லை. 2 ஆம்பியர்தான், அதற்கு இருக்கும் டிசி ஜாக்கே போதும். சார்ஜ் செய்ய ஒன்று, ஓட்ட ஒன்று என்று இரண்டும் வேறு வேறு வடிவமாக இருப்பதே நல்லது. வீட்டில் 36 வோல்ட் வண்டி ஒன்றும் 48 வோல்ட் வண்டி ஒன்றும் இருந்தால் இது இன்னும் கட்டாயம். 54.6 வோல்ட் சார்ஜர், 42-க்கு மேல் போகக் கூடாத பேட்டரியில் மாட்ட முடிகிற மாதிரி விட்டுவைப்பது வீட்டுக்குள் தீயை வைத்துக்கொள்வதுதான்.

ஃபியூஸை மாற்றினேன். இருந்தது கார்களில் போடும் தகட்டு ஃபியூஸ். அதில் ஆம்பியர் சரி, வோல்ட்தான் சரியில்லை. சாதாரணத் தகட்டு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 54 வோல்ட்டில் இழை உருகிய பிறகும் இடைவெளியில் பொறி அணையாமல் எரிந்துகொண்டிருக்கலாம். 58 வோல்ட் என்று குறித்த ஃபியூஸ் தனியாக வருகிறது, அதைப் போட்டேன்.

அதன்பின் அண்ணன் முழுச் சுமையோடு மலை ஏறினார். ஏற்காட்டு ஒண்டிக்கடைக்கருகே நின்று போன் செய்தார். கனெக்டரைத் தொட்டுப் பார்த்தாராம், மோட்டார்தான் சுடுகிறது என்றார். கியர் மோட்டார் அந்த ஏற்றத்தில் சுடத்தான் செய்யும், நடுவில் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

தொடாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பின்சக்கர அச்சுக்கு அருகில் உள்ள ஒன்பது ஊசி மோட்டார் கனெக்டர். மூன்று தடித்த ஊசி, ஆறு மெல்லியது, எல்லாம் ஒரே வட்டக் குழாய்க்குள். இப்போது அதில் கோளாறு இல்லை, பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போதுதான் அதற்கு ஆபத்து. அம்புக்குறி இரண்டும் நேருக்கு நேர் வராமல் திருகி அழுத்தினால் மெல்லிய ஊசி மடங்கிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அப்போது அதையும் பிரித்துப் பார்த்துச் சிலிகான் கிரீஸ் வைத்துவிடலாம்.